தேடுவோர் கண்ணில் படுவது எப்படி?

பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்று நம் ஊரில் கேட்பார்கள். மல்லிகை விற்பவர் பெயர்ப்பலகை மாட்டாவிட்டாலும் தெருமுனையிலேயே மணம் வந்து அழைத்துவிடும். ஆனால் இணையத்தில் வைத்த கடைக்கு மணம் கிடையாது, தெருவும் கிடையாது. எத்துணை நல்ல பொருளை வைத்திருந்தாலும், அதன் முகவரியை அறியாத ஒருவர் தற்செயலாக அவ்வழியே நடந்து போகப் போவதில்லை. அவர் தேடுபொறியில் இரண்டு மூன்று சொற்களைத் தட்டுவார். அது காட்டும் பட்டியலில் முதல் சில வரிகளைப் பார்ப்பார். அவற்றுள் ஒன்றைத் தொடுவார். பட்டியலின் அடியில் எங்கோ கிடக்கும் பக்கம் அவரைப் பொறுத்தவரை இல்லாததற்குச் சமம்.

ஆகவே இணையதளம் வைத்திருப்போர் யாவருக்கும், அப்பட்டியலில் மேலே வருவது எப்படி என்பதே பெருங்கவலை. இக்கவலையைத் தீர்ப்பதற்கென்றே உலகெங்கும் ஒரு தொழில் வளர்ந்துள்ளது. அதில் நேர்மையாக உழைப்போரும் உண்டு. முப்பது நாளில் முதல் இடம் என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு மறைவோரும் உண்டு. மாணவியரே, உங்களுள் பலர் படிப்பை முடித்ததும் ஒரு கடைக்கோ, பள்ளிக்கோ, வீட்டில் அம்மா நடத்தும் சிறுதொழிலுக்கோ இணையதளம் அமைத்துத் தரும் நிலைக்கு வருவீர்கள். அப்போது வீட்டுப் பணம் வீணாகாதிருக்க, இப்பொறி எங்ஙனம் வேலை செய்கிறது என்பதை ஓரளவு அறிந்திருப்பது நலம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்குவோம். நாம் கேட்ட நொடியில் தேடுபொறி உலகம் முழுவதும் ஓடித் தேடி விடை கொண்டு வருவதாகச் சிலர் நினைக்கின்றனர். அவ்வாறன்று. தேடும் வேலை முன்னரே நடந்து முடிந்துவிடுகிறது. தேடுபொறியிடம் சிலந்தி எனப்படும் ஒருவகை நிரல் உண்டு. கூகிளின் சிலந்திக்கு கூகிள்பாட் என்று பெயர். அது ஒரு பக்கத்தைப் படிக்கும். அப்பக்கத்திலிருந்து வேறு பக்கங்களுக்குச் செல்லும் இணைப்புகளைக் குறித்துக்கொள்ளும். பின் அவற்றையும் சென்று படிக்கும். இப்படியே பக்கம் பக்கமாக ஊர்ந்து கொண்டே இருக்கும். படித்தவற்றைக் கொண்டு ஒரு மாபெரும் சொல்லடைவு தயாராகும். உங்கள் பாடநூல்கள் சிலவற்றின் இறுதியில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அகரவரிசையில் கொடுத்திருப்பார்கள் அல்லவா? அதே ஏற்பாடுதான். நாம் ஒரு சொல்லைத் தட்டும்போது பொறி அந்தச் சொல்லடைவைத்தான் புரட்டுகிறது.

இதிலிருந்தே ஓர் உண்மை விளங்கும். சிலந்தி வந்து படிக்க முடியாத பக்கம் சொல்லடைவில் ஏறாது. அப்பக்கத்தில் இல்லாத சொல்லைத் தேடுபவருக்கு அது கிடைப்பதும் அரிது. அடுத்த கேள்வி இதனினும் கடினமானது. ஒரே சொல் பத்து இலட்சம் பக்கங்களில் இருக்குமாயின், எதை முதலில் காட்டுவது?

தொடக்க காலத்துப் பொறிகள் பெரும்பாலும் சொற்களை நம்பின. 1995 டிசம்பரில் வந்த ஆல்டாவிஸ்டா அக்காலத்தில் பெயர் பெற்றது. ஒரு சொல் ஒரு பக்கத்தில் எத்தனை முறை வருகிறது, தலைப்பில் வருகிறதா, தொடக்கத்தில் வருகிறதா என்பன போன்றவற்றைப் பொறிகள் கணக்கிட்டன. கணக்கு இன்னதென்று தெரிந்ததும் மனிதர் சும்மா இருப்பார்களா? கார் விற்பவர் தம் பக்கத்தில் கார், கார், கார் என்று நூறு முறை எழுதினார். படிப்பவர் முகம் சுளிப்பாரே என்று, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக அதை எழுதி ஒளித்தார். மனிதக் கண்ணுக்குத் தெரியாது, சிலந்திக்குத் தெரியும். பக்கத்தின் தலைப்பகுதியில், காண்போர் கண்ணுக்குப் படாமல், இன்னின்ன சொற்கள் இப்பக்கத்துக்கு உரியவை என்று குறித்து வைக்கும் ஓர் இடமும் உண்டு. கீவேர்ட்ஸ் குறிப்பு என்பார்கள். அதிலும் பொய் மலிந்தது. பக்கத்துக்குச் சற்றும் தொடர்பில்லாத நடிகையர் பெயரையெல்லாம் அதில் அடுக்கினர். வரிசைப்படுத்துவதற்கு அக்குறிப்பைத் தாம் பார்ப்பதே இல்லை என்று கூகிள் 2009 செப்டம்பரில் வெளிப்படையாக அறிவித்தது. அதன் பிறகும் அதை நிரப்பித் தருவதற்குக் கட்டணம் கேட்பவர்கள் உண்டு என்பதை இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

அந்நாளைய பொறிகளின் நிலை எவ்வளவு மோசம் என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. 1997 நவம்பரில் முன்னணியில் இருந்த நான்கு வணிகப் பொறிகளில், அதனதன் பெயரையே கொடுத்துத் தேடியபோது, தன்னைத் தானே முதல் பத்து விடைகளுக்குள் காட்டிக்கொள்ள முடிந்தது ஒன்றே ஒன்றுதான். இதைத் தம் ஆய்வுரையில் எழுதியவர்கள் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த லாரி பேஜ், செர்கே பிரின் என்னும் இருவர். 1998இல் வெளியான அந்த ஆய்வுரையில், 2 கோடியே 40 இலட்சம் பக்கங்களைப் படித்து அமைத்த தங்கள் பொறியை விளக்கினர். அதே ஆண்டு செப்டம்பரில் அது கூகிள் என்னும் நிறுவனமாகப் பதிவாயிற்று.

அவர்கள் கண்ட வழி என்ன? ஒரு பக்கம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை மட்டும் நம்பாமல், பிற பக்கங்கள் அதைப் பற்றி என்ன சொல்கின்றன என்று பார்ப்பது. ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுப்பது ஒரு நற்சான்று போன்றது என்று அவர்கள் கொண்டனர். இது முற்றிலும் புதிய எண்ணமன்று. ஓர் அறிவியல் கட்டுரையைப் பிற்காலக் கட்டுரைகள் எத்தனை மேற்கோள் காட்டுகின்றன என்று அட்டவணைப்படுத்தலாம் என யூஜீன் கார்பீல்டு என்பவர் 1955லேயே எழுதியிருந்தார். ஆனால் பேஜும் பிரினும் எண்ணிக்கையோடு நிற்கவில்லை. சான்று கொடுப்பவர் யார் என்பதையும் பார்த்தனர்.

இதை நாம் நன்கு அறிந்த ஒன்றோடு ஒப்பிடலாம். ஒரு மாணவி வேலைக்கு விண்ணப்பிக்கிறாள். அவளுடைய தோழி ஒருத்தி, இவள் மிகவும் நல்லவள் என்று எழுதித் தருகிறாள். தலைமையாசிரியையும் ஒரு நற்சான்று எழுதித் தருகிறார். இரண்டும் ஒரே எடையா? தலைமையாசிரியையின் சொல்லுக்கு எடை அதிகம். ஏன்? அவரைப் பலர் மதிக்கின்றனர். அப்படி மதிப்பவர்களும் மதிக்கத்தக்கவர்கள். இன்னும் ஒன்று. தலைமையாசிரியை பத்துப் பேருக்கு மட்டும் சான்று எழுதினால் ஒவ்வொன்றுக்கும் மதிப்பு உண்டு. கேட்டவர்க்கெல்லாம், ஆயிரம் பேருக்கு, ஒரே வாசகத்தை எழுதிக் கொடுத்தால் அதன் மதிப்புக் குறைந்துவிடும். பேஜின் கணக்கும் இவ்வாறே அமைந்தது. ஒரு பக்கம் தன் மதிப்பைத் தான் இணைப்புக் கொடுக்கும் பக்கங்களுக்கெல்லாம் பங்கிட்டுத் தருகிறது. பத்து இணைப்புகள் எனில் பத்தில் ஒரு பங்கு. ஆயிரம் எனில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

கணக்குப் பாடத்தில் ஆர்வமுள்ள மாணவி இங்கே ஒரு சந்தேகம் கேட்பாள். அ என்னும் பக்கத்தின் மதிப்பு ஆ என்னும் பக்கத்தைப் பொறுத்தது. ஆ என்பதன் மதிப்போ அ என்பதைப் பொறுத்தது என்றால், எங்கே தொடங்குவது? நல்ல கேள்வி. எல்லாப் பக்கங்களுக்கும் சமமான மதிப்பைக் கொடுத்துத் தொடங்குவார்கள். ஒருமுறை பங்கீடு செய்தால் சில கூடும், சில குறையும். கிடைத்த விடைகளைக் கொண்டு மறுபடி பங்கீடு செய்வார்கள். இப்படித் திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய எண்கள் ஒரு நிலைக்கு வந்து, அதன்பின் மாறாமல் நின்றுவிடும். நான்கு பக்கங்களை வட்டங்களாக வரைந்து, அவற்றிடையே அம்புக்குறிகள் போட்டு, ஒரு மாலைப்பொழுதில் நீங்களே தாளில் செய்து பார்க்கலாம். அணிகள் படித்தவர்களுக்கு இன்னும் எளிது. இம்முறைக்குப் பேஜ் ரேங்க் என்று பெயர். இன்று கூகிள் பார்க்கும் நூற்றுக்கணக்கான அடையாளங்களுள் இதுவும் ஒன்றே; ஆயினும் பிறர் தரும் சான்று முக்கியம் என்னும் அடிப்படை இன்றும் மாறவில்லை.

நற்சான்றுக்கு மதிப்பு உண்டு என்றால், போலிச் சான்றும் சந்தைக்கு வரும் அல்லவா? வந்தது. அதற்கு யாவரும் அறிந்த ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகக் காண்போம்.

அமெரிக்காவில் ஜே. சி. பென்னி என்னும் நிறுவனம் உள்ளது. 1902இல் வயோமிங் மாநிலத்தின் ஒரு சிற்றூரில் தொடங்கி, நூறு ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகளாகப் பெருகியது. துணிமணி, படுக்கை விரிப்பு, திரைச்சீலை, பெட்டி, நாற்காலி என வீட்டுக்கு வேண்டிய பலவும் விற்பது. 2010ஆம் ஆண்டின் இறுதியில், கிறிஸ்துமஸ் விற்பனைக் காலத்தில், ஒரு விந்தை தென்பட்டது. கூகிளில் பெண்களுக்கான கவுன் என்று தேடினால் முதலில் வருவது பென்னி. படுக்கை விரிப்பு என்று தேடினாலும் பென்னி. தரைவிரிப்பு என்றாலும், இறுக்கமான ஜீன்ஸ் என்றாலும் பென்னி. சாம்சோனைட் என்னும் நிறுவனத்தின் கைப்பெட்டியை அதன் பெயரைச் சொல்லியே தேடினாலும், அப்பெட்டியைத் தயாரிக்கும் சாம்சோனைட்டின் சொந்தத் தளத்துக்கும் மேலே பென்னி நின்றது. மாதக் கணக்கில் இந்நிலை நீடித்தது.

நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இதன் காரணத்தை ஆராய, இத்துறையில் தேர்ந்த ஒருவரை அணுகியது. அவர் தோண்டிப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. கவுன் தொடர்பான சொற்களைத் தொட்டால் பென்னியின் தளத்துக்குச் செல்லும்படி அமைந்த பக்கங்கள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் கிடைத்தன. அவை எத்தகைய பக்கங்கள்? துணிக்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லை. அணுசக்திப் பொறியியல் பற்றியது ஒன்று. பல்கேரியா நாட்டில் வீடு வாங்குவது பற்றியது ஒன்று. சூதாட்டம் பற்றியவை சில. பல தளங்கள் ஏறக்குறையக் கைவிடப்பட்டுக் கிடந்தவை. யாரோ காசு கொடுத்து இணைப்புகளை நட்டு வைத்திருந்தனர். தலைமையாசிரியையின் கையெழுத்தைப் போட்டு ஆயிரக்கணக்கில் சான்றிதழ் அச்சடித்தது போன்ற வேலை.

தாங்கள் இதற்கு அனுமதி தரவில்லை, தங்களுக்குத் தெரிந்து நடக்கவில்லை என்று பென்னி நிறுவனம் கூறியது. தேடுபொறி வேலைக்கென அமர்த்தியிருந்த ஆலோசனை நிறுவனத்தை உடனே நீக்கியது. 2011 பிப்ரவரி 9, புதன்கிழமை மாலை 7 மணிக்கு சாம்சோனைட் கைப்பெட்டித் தேடலில் பென்னி முதல் இடத்தில் இருந்தது. கூகிள் நடவடிக்கை எடுத்தது. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 71ஆம் இடம். வரவேற்பறை நாற்காலி மேசைகளுக்கான தேடலில் முதல் இடத்திலிருந்து 68ஆம் இடம். அந்த வார இறுதியில் செய்தி நாளிதழில் விரிவாக வெளிவந்தது. இத்தண்டனை நீங்க ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின.

இதற்கு முன்னரும் பெரியவர்கள் சிக்கியதுண்டு. 2006 பிப்ரவரியில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ கார் நிறுவனத்தின் அந்நாட்டுத் தளத்தைக் கூகிள் தன் பட்டியலிலிருந்தே நீக்கியது. சிலந்திக்குக் காட்ட ஒரு பக்கம், மனிதர்க்குக் காட்ட வேறொரு பக்கம் என்று வைத்திருந்ததே குற்றம். சிலந்தி படித்த பக்கத்தில் பழைய கார் என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. மனிதர் அதைத் தொட்டால் அழகிய படங்கள் நிறைந்த மற்றொரு பக்கத்துக்குத் தள்ளப்பட்டார். தவறான பக்கங்களை அகற்றியபின் சில நாட்களிலேயே தளம் மீண்டும் சேர்க்கப்பட்டது.

பி.எம்.டபிள்யூ போன்றோர் சில நாட்களில் மீண்டு வந்தனர் என்பதைக் கவனிக்க வேண்டும். இத்தகைய பெரிய பெயர்கள் தேடலில் இல்லாவிட்டால் தேடுபவர்களே குறை கூறுவர். ஐந்து பேர் வேலை செய்யும் ஒரு சிறு கடை இதே தண்டனைக்கு ஆளானால், அதற்காக எந்த நாளிதழும் எழுதாது. மூன்று மாதம் விற்பனை நின்றால் கடையே நின்றுவிடும். சிறியவர்தான் இத்தகைய குறுக்கு வழிக்கு அதிகம் அஞ்ச வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் முதல் இடம் உறுதி என்னும் மின்னஞ்சல்கள் சிறியவரைத் தேடித்தான் வருகின்றன. முதல் இடத்தை எவரும் உறுதி செய்ய இயலாது என்று கூகிளே தன் அறிவுரைப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது.

பென்னி செய்தி வெளிவந்த அதே மாத இறுதியில், பயனற்ற எழுத்தை மலைபோல் குவித்து வைக்கும் தளங்களைக் கீழே இறக்கும் ஒரு மாற்றத்தைக் கூகிள் கொண்டு வந்தது. பாண்டா என்று அதற்குப் பெயர். அமெரிக்காவில் நடந்த தேடல்களில் 11.8 விழுக்காட்டில் விடைகளின் வரிசை இதனால் மாறியது. 2012 ஏப்ரல் 24 அன்று போலி இணைப்புகளைக் குறிவைத்துப் பெங்குவின் என்னும் மாற்றம் வந்தது. முன்பு ஆள் வைத்துப் பிடித்ததைப் பின்னர் கணக்கே பிடிக்கத் தொடங்கியது எனலாம்.

இனி நாம் செய்யக்கூடியவற்றைக் காண்போம். தூத்துக்குடி மாவட்டக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் ஒரு தாயார் பனையோலைப் பெட்டி முடைந்து விற்கிறார். பிளஸ் டூ முடித்த மகள் அதற்கு ஓர் இணையதளம் அமைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

அவள் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது சொல்லை. படித்த பெண் என்பதால் 'இயற்கைக்கு உகந்த மரபுசார் கைவினைக் கலன்கள்' என்று தலைப்பு எழுதிவிடுவாள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வாங்குபவர் அப்படியா தேடுவார்? ஓலைப்பெட்டி என்பார், பனை ஓலைக் கூடை என்பார், கடகம் என்பார், செட்டிநாட்டுப் பக்கமானால் கொட்டான் என்பார். திருமணத்துக்குத் தாம்பூலம் போட்டுக் கொடுக்கச் சின்னப் பெட்டி வேண்டும் என்பார். இச்சொற்கள் பக்கத்தில் இயல்பாக இடம் பெற வேண்டும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுவோரும், ஆங்கிலத்திலேயே தேடுவோரும் நம்மிடையே ஏராளம். அவர்களுக்காகத் தனியே ஓர் ஆங்கிலப் பக்கம் எழுதி வைப்பதில் தவறில்லை. அடுக்கிக் குவிப்பது வேறு, வாங்குபவர் மொழியில் பேசுவது வேறு. இவ்வேறுபாட்டை உரக்கப் படித்துப் பார்த்தாலே காது கண்டுபிடித்துவிடும்.

அடுத்தது பக்கத்தின் தலைப்பு. தேடல் பட்டியலில் பெரிய எழுத்தில் தெரிவது பெரும்பாலும் இதுவே. பல தளங்களில் எல்லாப் பக்கங்களுக்கும் 'முகப்பு' என்றே தலைப்பு இருக்கும். வகுப்பில் ஐம்பது மாணவியருக்கும் ஒரே பெயர் வைத்தது போல. பெட்டிக்கு ஒரு பக்கம், சுளகுக்கு ஒரு பக்கம், விசிறிக்கு ஒரு பக்கம். ஒவ்வொன்றுக்கும் அதனதன் தலைப்பு. படங்களுக்குக் கீழே அது என்ன படம் என்று எழுத்தில் எழுதுவதோடு, படத்துக்கு மாற்றாகப் படிக்கப்படும் குறிப்பையும் நிரப்ப வேண்டும். கண் தெரியாதவர்கள் திரையைக் குரலாகக் கேட்கும்போது அவர்களுக்கும் அக்குறிப்பே துணை. தளத்தின் வேகம், கைப்பேசியில் ஒழுங்காகத் தெரிவது ஆகியவையும் கணக்கில் உண்டு. கைப்பேசித் தேடலில் அதற்கேற்ற பக்கங்களுக்கு முன்னுரிமை தருவது 2015 ஏப்ரல் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. பக்கங்களின் முகவரிப் பட்டியலை ஒரு கோப்பாக எழுதிச் சிலந்திக்குக் கொடுக்கும் வழியும் உண்டு. சைட்மேப் என்பது அது. தளம் அமைக்கும் மென்பொருள்கள் பலவும் இதைத் தாமே செய்துவிடுவதால் நாம் இதில் காலம் கடத்த வேண்டியதில்லை.

தமிழில் எழுதுவோருக்கு மட்டும் உரிய ஒரு சங்கடம் உண்டு. அதைச் சொல்லாமல் விட முடியாது.

கணினியில் ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்ணாகவே சேமிக்கப்படுகிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்பது உலகம் முழுவதும் ஒன்றாக இருந்தால்தான் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கலாம், தேடலாம். யூனிகோடு என்னும் பொது முறை அதற்காக ஏற்பட்டது. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழும் இடம் பெற்றது. ஆனால் அது பரவலாகப் புழக்கத்துக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. அதற்கிடையில் பற்பல எழுத்துருக்கள் வெவ்வேறு ஏற்பாட்டில் தோன்றின. அவற்றுள் பாமினி மிகவும் பரவியது. பாமினியில் அம்மா என்று தட்டினால் திரையில் அம்மா என்றுதான் தெரியும். உள்ளே சேமிக்கப்படுவதோ எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகள். தேடுபொறி கண்ணால் பார்ப்பதில்லை, குறிகளைத்தான் படிக்கிறது. ஆகவே தமிழில் அம்மா என்று தேடுபவர்க்கு அப்பக்கம் அகப்படுவதில்லை. எத்தனையோ நல்ல கட்டுரைகள் இப்படி, எழுதப்பட்டும் எழுதப்படாதவை போல, இணையத்தில் கிடக்கின்றன.

தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடு முறையை ஏற்று ஆணையிட்டது. இன்றைய கைப்பேசிகளில் தட்டும் தமிழ் எல்லாம் யூனிகோடே. ஆயினும் அச்சகங்கள் பலவற்றில் பழைய எழுத்துருக்கள் இன்னும் வழக்கில் உள்ளன. அங்கே தயாரித்த ஆண்டு மலரையோ, அழைப்பிதழையோ, விலைப்பட்டியலையோ பிடிஎப் கோப்பாக வாங்கி அப்படியே இணையத்தில் ஏற்றிவிட்டு, நம் பெயரைத் தேடினால் வரவில்லையே என்று வருந்துவோர் உண்டு. சோதித்துப் பார்ப்பது எளிது. கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்துக் கைப்பேசியின் குறுஞ்செய்திப் பெட்டியில் ஒட்டுங்கள். தமிழாக வந்தால் நன்று. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால் தேடுபொறிக்கும் அது அப்படியேதான் தெரியும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உள்ளன. மாற்றியபின் ஒருமுறை பிழை பார்த்தால் போதும். எழுத்துகளைப் படமாக ஏற்றுவதும் ஏறக்குறைய இத்தகையதே. படத்திலுள்ள எழுத்தைப் பொறிகள் ஓரளவு படிக்கக் கற்றுக்கொண்டுள்ளன என்றாலும், அதை நம்பிக் கடை வைக்கலாகாது.

நற்சான்றுக்கு வருவோம். காசுக்கு வாங்கக் கூடாது என்றால் எப்படிப் பெறுவது? பெட்டி வாங்குக, பெட்டி வாங்குக என்று மட்டும் எழுதிய பக்கத்துக்கு எவரும் இணைப்புத் தருவதில்லை. ஆனால் அந்தத் தாயாருக்குத் தெரிந்தவை எத்தனை! குருத்தோலையை எப்போது வெட்டுவது, எத்தனை வெயிலில் காய வைப்பது, ஈர்க்கை எப்படி நீக்குவது, சாயம் ஏற எப்படிக் கொதிக்க வைப்பது, மழைக்காலத்தில் பெட்டியில் பூஞ்சணம் பிடித்தால் என்ன செய்வது. மகள் அம்மாவை உட்கார வைத்துக் கேட்டு, அம்மா சொன்னபடியே எழுதிப் படங்களோடு போட்டால், கைவினை பற்றி எழுதுவோர், பள்ளி ஆசிரியைகள், பனை வளர்ப்பில் ஈடுபட்டோர் எனப் பலரும் தாமாகவே அப்பக்கத்தைச் சுட்டுவர். பொருளை மொத்தமாக வாங்கும் கடைகள், கண்காட்சி நடத்துவோர் ஆகியோரிடம், உங்கள் தளத்தில் எங்கள் பெயரைக் குறிப்பிடுவீர்களா என்று கேட்பதிலும் இழுக்கில்லை. அது உண்மையான உறவு, உண்மையான சான்று. பத்துச் சான்றுகள் இப்படிக் கிடைத்தால், அணுசக்திப் பக்கத்தில் நட்டு வைத்த இரண்டாயிரத்தை விட உறுதியாக நிற்கும்.

காசு கொடுத்து மேலே வரும் நேர்மையான வழி ஒன்றும் உண்டு, அது விளம்பரம். 2000 அக்டோபர் முதல் கூகிள் தேடல் விளம்பரங்களை இத்தகைய முறையில் விற்று வருகிறது. அவை விளம்பரம் என்ற குறிப்போடு தனியே தெரியும். பணம் தீர்ந்ததும் மறைந்துவிடும். விளம்பரம் கொடுப்பதால் மற்றப் பட்டியலில் இடம் உயராது என்று கூகிள் கூறுகிறது. தீபாவளி, பொங்கல் போன்ற காலத்தில் கொஞ்சம் செலவழிக்கலாம்; ஆண்டு முழுதும் அதையே நம்புவது சிறுதொழிலுக்குத் தாங்காது.

பொறுமையும் தேவை. நல்ல முறையில் செய்த திருத்தங்களின் பயன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம் என்பது கூகிளின் சொந்தக் கணிப்பு. இதற்கிடையில் புதிய மாற்றம் ஒன்றும் வந்துள்ளது. தேடலின் உச்சியில் செயற்கை நுண்ணறிவு தானே ஒரு விடையைத் தொகுத்து எழுதித் தருவது 2024 மே மாதம் அமெரிக்காவிலும், அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியாவிலும் தொடங்கியது. விடை அங்கேயே கிடைத்துவிட்டால் பலர் தளத்துக்கு வருவதில்லை. எத்தனை பேர் வந்தனர் என்ற எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கொண்டிருப்பவருக்கு இது வருத்தமே. பெட்டி வாங்க வந்தவருக்கோ அந்த விடை போதாது; அவர் பெட்டியின் அளவையும் விலையையும் பார்த்தாக வேண்டும், முடைந்தவரோடு பேசியாக வேண்டும். பிளாஸ்டிக் கூடை தேடி ஆயிரம் பேர் வந்து திரும்பிப் போவதைவிட, ஓலைப்பெட்டி தேடிப் பத்துப் பேர் வருவது அந்த வீட்டுக்கு உதவும்.

வந்தவர்கள் எந்தச் சொல்லைத் தட்டி வந்தார்கள் என்பதை அறியவும் வழி உண்டு. சர்ச் கன்சோல் என்னும் இலவசக் கருவியைக் கூகிளே தருகிறது. தளம் நம்முடையதுதான் என்று முதலில் ஒருமுறை நிறுவிக் காட்ட வேண்டும். அதன்பின், எந்தெந்தச் சொற்களுக்கு நம் பக்கம் பட்டியலில் தோன்றியது, சராசரியாக எத்தனையாவது இடத்தில், எத்தனை பேர் தொட்டனர் என்பவற்றை அது காட்டும். மகள் மாதம் ஒருமுறை அம்மாவையும் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு அப்பட்டியலை வாசிக்கலாம். நாம் எழுதவே எழுதாத ஒரு பெயரைச் சொல்லி யாரோ தேடியிருப்பார்கள். அதற்கு என்ன பொருள் என்று அம்மாவைக் கேட்டால், எந்த ஊரில் எந்தப் பெட்டியை அப்படிச் சொல்வார்கள் என்று அவர் சொல்லிவிடுவார். அதே பெட்டியின் பக்கத்தைத் திறந்து, இன்ன ஊர்களில் இதற்கு இப்பெயர் என்று ஒரு வரி சேர்த்து எழுதலாம்.